ஐந்தரை சென்டிமீட்டர் சதுரமும் உள்ளங்கைத் திரையும்

35 மி.மீ. ஃபிலிமைவிடப் பெரிய நெகட்டிவ் தரும் மீடியம் ஃபார்மட் ஃபிலிமில் எடுத்த படங்களை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுவதுண்டு. பெரிய நெகட்டிவ் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் கனமான கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிறோம். ஒரு சுருளுக்குப் பத்தோ பன்னிரண்டோ படங்கள்தான் என்ற கட்டுப்பாட்டையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறோம். அப்படி எடுத்த படத்தைக் கடைசியில் பெரும்பாலானோர் பார்ப்பது கைபேசித் திரையில். 6×6 சென்டிமீட்டர் என்று பெயர் பெற்ற சதுர நெகட்டிவின் உண்மையான அகலம் 56 மில்லிமீட்டர்; கைபேசித் திரையின் அகலமோ அதைவிட ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். ஆக, பெரிதாக்குவதற்கென்றே எடுத்த நெகட்டிவை ஏறத்தாழ அதன் சொந்த அளவிலேயே, அதாவது காண்டாக்ட் பிரிண்ட் அளவிலேயே பார்த்துவிட்டு, "என்ன ஒரு கூர்மை!" என்று பாராட்டிக்கொள்கிறோம். அந்த அளவில் 35 மி.மீ. நெகட்டிவும் கூர்மையாகத்தான் தெரியும். அந்தக் கைபேசியிலேயே எடுத்த படமும் கூர்மையாகத்தான் தெரியும். அப்படியானால், திரைக்கு வந்த பிறகும் மீடியம் ஃபார்மட் படத்தில் மிஞ்சி நிற்பது எது? எதைப் பற்றிப் பேசினால் அந்தப் பேச்சுக்குப் பொருள் இருக்கும்?

கணக்கை முதலில் முடித்துவிடலாம். 1901-இல் கோடாக் நிறுவனம் தன் நம்பர் 2 பிரௌனி கேமராவுக்காகக் கொண்டுவந்த 120 சுருள்தான் இன்றும் இந்தக் கேமராக்களில் ஓடுகிறது. சுருளின் அகலம் மாறுவதில்லை. ஒரு படத்துக்கு அதில் எவ்வளவு நீளத்தைக் கேமரா எடுத்துக்கொள்கிறது என்பதுதான் மாறும். 6×4.5 என்றால் சுருளுக்கு 15 அல்லது 16 படங்கள், 6×6 என்றால் 12, 6×7 என்றால் 10, 6×9 என்றால் 8. 35 மி.மீ. ஃபிரேமின் பரப்பு 24×36, அதாவது 864 சதுர மில்லிமீட்டர். 6×6-இன் பரப்பு 3136. மூன்றரை மடங்குக்குச் சற்று மேல். 30 சென்டிமீட்டர் சதுரப் பிரிண்ட் ஒன்று போட வேண்டுமானால் 6×6 நெகட்டிவை ஐந்தரை மடங்கு பெரிதாக்கினால் போதும், 35 மி.மீ. நெகட்டிவைப் பன்னிரண்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். இரண்டிலும் ஒரே ஃபிலிம், ஒரே டெவலப்பர் என்றாலும் ஒன்றில் கிரெய்ன் (ஃபிலிமின் மணிமணியான துகள்) கண்ணில் குத்தும், மற்றொன்றில் தேடினால்தான் கிடைக்கும்.

இந்த அனுகூலம் சுவரில் மாட்டும் பிரிண்டில் முழுதாகக் கிடைக்கிறது, திரையில் கிடைப்பதில்லை. பிளாட்பெட் ஸ்கேனர்களின் பெட்டியில் 4800, 6400 என்றெல்லாம் எண்கள் போட்டிருந்தாலும், பொதுவாக அவை நெகட்டிவிலிருந்து உண்மையில் பிரித்தெடுப்பது அங்குலத்துக்கு 2400 புள்ளிகளை ஒட்டியே இருக்கும். அந்த 2400-இலேயே 6×6 நெகட்டிவ் பக்கத்துக்கு ஏறத்தாழ 5290 பிக்சல்கள் தருகிறது. மொத்தம் 28 மெகாபிக்சல். அதைப் பக்கத்துக்கு 1200 பிக்சலாகச் சுருக்கி அனுப்பினால் போய்ச் சேருவது இருபதில் ஒரு பங்குதான். ஆகவே லென்ஸின் கூர்மையைப் பற்றி யாராவது பேச விரும்பினால், முழுப் படத்தோடு அதன் ஒரு சிறு பகுதியை, சுருக்காமல், ஸ்கேனில் உள்ளபடியே வெட்டியெடுத்துக் கூடவே அனுப்புவதுதான் நியாயம். அந்தத் துண்டு இல்லாமல் பிளானர் லென்ஸா ஸோனார் லென்ஸா என்று வாதாடுவது எனக்கு வீண் வேலையாகவே படுகிறது.

சுருங்கிய பிறகும் போகாத சில உண்டு. அவற்றில் முதலாவது, வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் படம் இறங்கும் விதம். நண்பர் ஒருவர் அண்மையில் காட்டிய படத்தைச் சொல்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் அவருடைய தந்தை, 6×6, எச்.பி.5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம், 80 மி.மீ. லென்ஸ். ஜன்னல் பக்கத்துக் கன்னம் நன்றாக வெளுத்திருக்கிறது. ஆனால் தோலின் சுருக்கங்கள் அழியவில்லை. மூக்குக் கண்ணாடியின் சட்டம் கன்னத்தில் விழுத்திய மெல்லிய நிழல், அதற்கு அப்பால் தாடையின் வளைவு, அதிலிருந்து காது வரைக்கும் சாம்பல் நிறம் எங்கும் தாவாமல் படிப்படியாகக் கறுக்கிறது. வெள்ளைச் சட்டையின் காலர் மடிப்பில் மட்டும் மூன்று வெள்ளைகள் தெரிகின்றன: நேர் வெளிச்சம் பட்ட வெள்ளை, மடிப்புக்குள் தாளிலிருந்து எதிரொளித்த வெள்ளை, நிழலில் கிடக்கும் வெள்ளை. பெரிய நெகட்டிவில் ஒவ்வொரு சாயலையும் வரைவதற்குக் கூடுதல் பரப்பு கிடைக்கிறது. அதனால் மழமழப்பான பகுதிகளில் கிரெய்ன் குறுக்கே வந்து சாயலை உடைப்பதில்லை. படம் சுருங்கும்போது இந்த வித்தியாசம் குறையும் என்பதை மறுக்க முடியாது; என்றாலும் முற்றாகப் போய்விடுவதில்லை.

அதைவிட உறுதியாக நிற்பது, பின்னணி மங்கும் விதம். 6×6-க்கு 80 மி.மீ. லென்ஸ் சாதாரண லென்ஸ். மூலைக்கு மூலை குறுக்களவை வைத்துப் பார்த்தால் 35 மி.மீ. கேமராவில் 44 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கான காட்சியைத்தான் அது காட்டும். ஆனால் லென்ஸ் உண்மையில் 80 மி.மீ. என்பதால், அதே காட்சியில் ஃபோகஸ் ஆழம் மெலிந்துவிடுகிறது. ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருப்பவரை எஃப் 2.8 என்ற அகலமான திறப்பில் எடுத்தால் கூர்மையாக இருப்பது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தடிமன்தான். அகலமான காட்சி, மெலிந்த ஃபோகஸ் என்ற இந்தச் சேர்க்கைதான், படத்தைப் பார்த்தவுடனே "இது பெரிய நெகட்டிவ்" என்று பழகிய கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது. எவ்வளவு சுருக்கினாலும் இது மாறாது.

மாறாது என்பதாலேயே இதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் குறை. பென்டாக்ஸ் 67 கேமராவின் 105 மி.மீ. எஃப் 2.4 லென்ஸ் கையில் வந்தவுடன், எல்லாப் படங்களையும் முழுத் திறப்பில் எடுத்துத் தள்ளுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. படங்களை மேசையில் பரப்பி வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது மூத்த புகைப்படக்காரர் ஒருவர் ஓர் இளைஞரின் போர்ட்ரெய்ட்டைக் கையிலெடுத்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, கண்ணு ரொம்ப நல்லா வந்திருக்கு. காது எங்கப்பா போச்சு?" என்று கேட்டார். நான் கேட்டவற்றிலேயே மிகச் சுருக்கமான, மிகப் பயனுள்ள விமரிசனம் அது. எஃப் 5.6 என்ற சிறிய திறப்பில் எடுத்திருந்தால் கண்ணும் காதும் இருந்திருக்கும். பின்னணியும் போதுமான அளவு விலகியே நின்றிருக்கும்.

அடுத்தது, கேமரா இருந்த உயரம். ரோலிஃப்ளெக்ஸ், யாஷிகா மேட், மாமியா சி330 போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களிலும், மேலிருந்து குனிந்து பார்க்கும் ஃபைண்டர் போட்ட ஹாசல்பிளாடிலும், கேமரா கண் மட்டத்தில் இருப்பதில்லை. வயிற்றுக்கும் மார்புக்கும் இடையில் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மனிதரை அந்த உயரத்திலிருந்து எடுத்தால் அவர் சற்று ஓங்கித் தெரிவார். குழந்தையை எடுத்தால் குழந்தையின் கண் மட்டத்திலேயே எடுத்ததாக ஆகும். எடுப்பவர் குனிந்து, காட்சி விழும் மங்கல் கண்ணாடியான தரைக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பதால், எதிரே இருப்பவரை நேருக்கு நேர் முறைப்பதும் இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் டயான் ஆர்பஸ் 1962-ஐ ஒட்டி 35 மி.மீ. கேமராவை விட்டுச் சதுர ஃபார்மட்டுக்கு மாறிய பிறகு எடுத்த படங்களில் மனிதர்கள் கேமராவின் முன் நேராக, நிதானமாக நின்று பார்ப்பதை, இந்தக் கருவியின் தன்மையிலிருந்து முற்றிலும் பிரித்துப் பேச முடியாது என்றே நினைக்கிறேன். தரைக்கண்ணாடியில் படம் இடவலம் மாறித் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நகரும் ஒருவரைப் பின்தொடரப் பழகாத கை எதிர்ப்பக்கம் திரும்பும். அதனாலேயே பலர் நிற்பதையும் இருப்பதையும் எடுக்கத் தொடங்குகிறார்கள். ஆகவே படத்தைப் பார்க்கும்போது "எந்த கேமரா?" என்று கேட்பதைவிட "எந்த உயரத்திலிருந்து பார்த்தீர்கள்?" என்று கேட்பது பல நேரங்களில் நல்ல பதிலைத் தருகிறது.

சதுரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும். வெட்டலாமா கூடாதா என்பதே அந்தச் சண்டை. ஹாசல்பிளாடின் ஃபிலிம் பெட்டியில் ஃபிரேமின் ஒரு ஓரத்தில் இரண்டு சிறு முக்கோண வெட்டுகள் இருக்கும். நெகட்டிவின் தெளிந்த விளிம்புக்குள் அவை பதிந்துவிடும். அந்த வெட்டுகளோடும் கறுப்பு விளிம்போடும் சேர்த்துப் படத்தைக் காட்டுவது, "நான் எதையும் வெட்டவில்லை" என்ற அறிவிப்பு. அதில் தவறில்லை, ஆனால் வெட்டாததே ஒரு தகுதி என்று கருதுவதில் எனக்கு உடன்பாடில்லை. சதுர நெகட்டிவை வைத்துக்கொண்டு, நெடுக்கா கிடையா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம் என்பதற்காகவே பல தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் அதை விரும்பினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதற்கு மிகப் பெரிய சாட்சிகள் விண்வெளியில் எடுத்த இரண்டு படங்கள். 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 விண்கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் ஹாசல்பிளாட் 500இஎல் கேமராவில், 250 மி.மீ. லென்ஸ் போட்டு, 70 மி.மீ. கலர் ஃபிலிமில் எடுத்த பூமி உதயப் படத்தில், நிலவின் தரை படத்தின் வலப்பக்கத்தில் செங்குத்தாக நிற்கிறது. பூமி அதன் இடப்பக்கத்தில் இருக்கிறது. உலகம் பார்த்துப் பழகியது, தரை கீழே கிடையாக வருமாறு திருப்பிய வடிவத்தை. 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 பயணத்தில் எடுத்த முழுப் பூமியின் படத்திலோ தென்துருவம் மேலே இருந்தது; வெளியிட்டபோது வடக்கு மேலே வருமாறு திருப்பினார்கள். இரண்டுமே சதுர ஃபிரேம் என்பதால் திருப்பியதில் எதையும் இழக்கவில்லை. ஆனால் அர்த்தம் மாறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டர்ஸ் எடுத்தபடி பார்த்தால் பூமி எதற்கும் மேலே எழவில்லை, பக்கத்தில் மிதக்கிறது. "உதயம்" என்ற சொல்லே திருப்பியதால்தான் அவ்வளவு பொருந்துகிறது. எடுப்பது ஒரு முடிவு, காட்டுவது இன்னொரு முடிவு என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் படத்தை நான் பார்த்ததில்லை.

இனி நிறம். நம் பேச்சுகளில் மிக அதிகமான குழப்பம் இங்கேதான் இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். "போர்ட்ரா 400-இன் நிறம் எவ்வளவு அழகு!" என்று கோடாக்கின் அந்தக் கலர் நெகட்டிவ் ஃபிலிமைப் பற்றி ஒருவர் சொல்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருப்பது போர்ட்ராவை அல்ல. கலர் நெகட்டிவ் ஃபிலிமில் சாயங்களின் குறையைச் சரிக்கட்டுவதற்காக ஆரஞ்சு நிற மாஸ்க் ஒன்று சேர்த்திருப்பார்கள். ஸ்கேன் செய்யும்போது அந்த ஆரஞ்சை நீக்கி, நிறங்களைத் தலைகீழாக மாற்றி, எது வெள்ளை, எது கறுப்பு, இடையில் எவ்வளவு கான்ட்ராஸ்ட் என்பதையெல்லாம் மென்பொருளோ, அதை இயக்கும் மனிதரோ தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. லேப்களில் பரவலாக உள்ள ஃபியூஜி ஃப்ராண்டியர் ஸ்கேனரில் ஒரே நெகட்டிவைக் கொடுத்தால் ஒரு விதமாகவும், நோரிட்சு ஸ்கேனரில் கொடுத்தால் இன்னொரு விதமாகவும் வரும். வீட்டில் டிஜிட்டல் கேமராவையும் மேக்ரோ லென்ஸையும் வைத்து எடுத்து மாற்றினால் மூன்றாவது விதமாக வரும். மூன்றும் அந்த நெகட்டிவுக்கு உண்மையானவைதாம். வெளிறிய, மென்மையான சருமநிறம் ஃபிலிமின் குணம் என்று நம்பி இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்டி எடுப்பவர்கள் உண்டு. போர்ட்ரா அந்தக் கூடுதல் ஒளியைத் தாராளமாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வெளிறல் நெகட்டிவில் எழுதப்பட்டிருப்பதில்லை, பெரும்பாலும் ஸ்கேனரின் முன்னால் அமர்ந்தவர் அப்படி வைக்கிறார்.

நெகட்டிவ் இல்லாமல் நேராக உண்மை நிறத்திலேயே படம் வரும் ஸ்லைடு ஃபிலிமின் கதை வேறு. 1990-இல் வந்த வெல்வியா 50-ஐ எடுத்து லைட் டேபிளில் வைத்தால் நிறம் அங்கேயே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மூலம் ஒன்று கையில் இருக்கிறது. 6×7 ஸ்லைடு ஒன்றைப் பின்னொளியில் நேராகப் பார்த்தவர்களுக்குத் திரையில் காணும் எந்தப் படமும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அதற்கு ஈடாக, எக்ஸ்போஷரில் அது மன்னிப்பே காட்டாது; அரை ஸ்டாப் கூடினால் வெள்ளை எரிந்துவிடும். ஆகவே நிறத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு முன், நெகட்டிவா ஸ்லைடா, யார் ஸ்கேன் செய்தது, அதன் பிறகு என்ன திருத்தம் நடந்தது என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஃபிலிமைப் புகழ்வதும் திட்டுவதும் சரியாகாது.

பழுதுகளைப் பற்றிப் பேசும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். "என் படத்தில் ஏதோ வெளிச்சம் கசிந்திருக்கிறது, கேமரா போச்சா?" என்ற கேள்வியோடு ஃபிரேமை மட்டும் கச்சிதமாக வெட்டி அனுப்பினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஃபிரேமுக்கு வெளியே உள்ள தெளிந்த விளிம்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கசிந்த ஒளி ஃபிரேமின் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டால் அது கேமராவின் உட்புறம் வழியாக வந்தது; மடக்குக் கேமராவின் பெல்லோஸில் (மடிப்புத் துருத்தியில்) ஊசித்துளை இருக்கலாம், ஷட்டர் சரியாக மூடாமல் இருக்கலாம். அது எல்லையைத் தாண்டிச் சுருளின் விளிம்பு வரை ஓடினால், சுருள் தளர்வாகச் சுற்றப்பட்டிருக்கும், அல்லது பின்கதவின் சீல் இற்றுப்போயிருக்கும், இல்லாவிட்டால் வெயிலில் நின்று சுருளை மாற்றியிருப்பார்கள். 120 சுருளுக்கு உலோகக் குப்பி கிடையாது. கறுப்புத் தாள் ஒன்றுதான் காவல் என்பதால், எடுத்து முடித்தவுடன் இறுகச் சுற்றி ஒட்டுவது சின்ன வேலை அல்ல. தூசியும் அப்படித்தான். பாசிட்டிவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஸ்கேன் செய்யும்போது நெகட்டிவின் மேல் இருந்த தூசி. கறுப்புப் புள்ளி தெரிந்தால் எடுக்கும்போதே கேமராவுக்குள் ஃபிலிமின் மேல் உட்கார்ந்து ஒளியை மறைத்த தூசி. முதலாவதைத் துடைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யலாம். இரண்டாவது நெகட்டிவிலேயே நிரந்தரம்.

ஃபிரேமும் ஃபிரேமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் அது சுருளை நகர்த்தும் பொறியின் கோளாறு. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். ஹோல்கா என்ற மலிவான பிளாஸ்டிக் கேமராவில் வரும் கசிவையும் மூலை இருட்டையும் மட்டும் யாரும் பழுது என்று சொல்வதில்லை. அதற்காகவே அதை வாங்குகிறார்கள்.

படத்தோடு என்ன எழுதி அனுப்புவது என்பதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. வழக்கமாக வருவது கேமராவின் பெயர், லென்ஸின் பெயர், ஃபிலிமின் பெயர் ஆகிய மூன்றும்தான். அவற்றை வைத்துக்கொண்டு பார்ப்பவர் செய்யக்கூடியது, அந்தக் கேமராவை வாங்க ஆசைப்படுவது ஒன்றே. அதற்குப் பதிலாக, ஒளியை எங்கே அளந்தீர்கள் என்பதை எழுதலாம். "நிழலில் இருக்கும் கதவை அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தேன்" என்ற ஒரு வரி போதும். கதவின் மரவரிகள் ஏன் தெரிகின்றன, ஆனாலும் அது ஏன் இருட்டாகவே இருக்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர், வெளிச்சத்தைப் பார்த்து டெவலப்பிங் என்ற பழைய விதியைக் கறுப்பு வெள்ளையில் எப்படிக் கடைப்பிடித்தீர்கள், டெவலப்பரில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள், வழக்கத்தைவிடக் கூட்டினீர்களா குறைத்தீர்களா என்பதெல்லாம் அடுத்தவருக்கு உண்மையிலேயே உதவும்.

இரவுக் காட்சிகளுக்கு இது இன்னும் அவசியம். நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் தளர்ந்துபோகும். மீட்டர் காட்டும் நேரம் போதாது. எச்.பி.5 பிளஸுக்கு இல்ஃபோர்ட் கொடுத்திருக்கும் கணக்கின்படி, மீட்டர் காட்டும் நொடிகளை 1.31 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். மீட்டர் 10 நொடி காட்டினால் ஏறத்தாழ 20 நொடியும், 30 நொடி காட்டினால் 86 நொடியும் திறந்து வைக்க வேண்டும். சின்னத் திறப்பு வைத்துத்தான் ஃபோகஸ் ஆழத்தை மீட்க வேண்டும் என்ற கட்டாயம் மீடியம் ஃபார்மட்டில் எப்போதும் இருப்பதால், மாலை மங்கியவுடனேயே இந்தக் கணக்கு தேவைப்பட்டுவிடும். படத்தோடு "எஃப் 16, மீட்டர் 30 நொடி, கொடுத்தது 90 நொடி" என்று எழுதியவர், கேமராவின் பெயரைச் சொல்லாவிட்டாலும் எனக்குக் குறையில்லை. எந்தக் கேமரா என்பதற்குச் சில நேரம் பொருள் உண்டுதான். 1957-இல் வந்த ஹாசல்பிளாட் 500சி-யில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/500 நொடி வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் பயன்படுத்தலாம். பென்டாக்ஸ் 67-இன் திரை ஷட்டரில் 1/30-க்கு மேல் முடியாது. பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் போட்ட படமானால் கேமராவைச் சொல்லியே ஆக வேண்டும். மற்றபடி, கேமராவின் பெயர் படத்தில் தெரிவதில்லை.

ஒரே ஒரு படத்தை அனுப்புவதைவிட, முழுச் சுருளின் காண்டாக்ட் ஷீட்டை அனுப்புவதை நான் அதிகம் விரும்புகிறேன். பன்னிரண்டு சதுரங்கள் ஒரே தாளில். தலைப்பில் சொன்ன அளவில் மீடியம் ஃபார்மட்டின் உண்மையான வசதி இதுதான்: 35 மி.மீ. காண்டாக்ட் ஷீட்டை உருப்பெருக்கி இல்லாமல் படிக்க முடியாது. 6×6 காண்டாக்ட் ஷீட்டைக் கையில் வைத்தே படிக்கலாம், கைபேசியில் ஒவ்வொரு சதுரமாக விரித்தும் படிக்கலாம். அதில்தான் ஒருவர் எப்படி யோசித்தார் என்பது தெரியும். முதல் ஃபிரேமில் தூரத்தில் நிற்கிறார். இரண்டாவதில் இடப்பக்கம் நகர்கிறார். மூன்றாவதில் எதிரே இருப்பவர் கையைக் கட்டிக்கொள்கிறார். நான்காவதில் கை மறுபடி தளர்ந்திருக்கிறது, அதைத்தான் பிரிண்ட் போட்டிருக்கிறார். "ஏன் மூன்றாவதை விட்டீர்கள்?" என்று கேட்டால் அரை மணி நேரம் நல்ல பேச்சு நடக்கும். தேர்ந்தெடுத்த ஒரே படத்தைப் பார்த்து அப்படிக் கேட்க முடியாது.

விவியன் மேயரை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துகொண்டே, ரோலிஃப்ளெக்ஸும் கையுமாகப் பல ஆண்டுகள் தெருவில் எடுத்தவர். 2007-இல் சிகாகோவில் ஏலத்துக்கு வந்த அவருடைய பெட்டிகளிலிருந்துதான் வெளியுலகம் அவரை அறிந்தது. 2009-இல் அவர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சுருள்களில் ஏராளமானவை டெவலப் கூடச் செய்யப்படாதவை. ஆகவே நாம் இன்று மேயரின் படங்கள் என்று பார்ப்பவற்றில் பெரும்பாலானவை அவர் தேர்ந்தெடுத்தவை அல்ல. எடுத்தவர் அவர், காட்டுவதற்கென்று பொறுக்கியவர்கள் வேறு மனிதர்கள். அந்தத் தேர்வு மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடிகளில் தன்னையே எடுத்துக்கொண்ட அந்தப் பிரபலமான படங்களைப் பற்றிப் பேசும்போது, அவற்றின் முன்னும் பின்னும் இருந்த ஃபிரேம்கள் எவை என்று தெரிந்துகொள்ளும் ஆவல் எனக்கு எப்போதும் உண்டு.

நேரில் சந்திக்க வாய்ப்புள்ளவர்களுக்கும், தபாலில் அனுப்பப் பொறுமை உள்ளவர்களுக்கும் பிரிண்ட் பரிமாற்றத்தைச் சிபாரிசு செய்வேன். 8×10 அங்குலத் தாளில் 18 சென்டிமீட்டர் சதுரமாக அச்சிட்டால் எல்லாப் பக்கமும் பிடிப்பதற்கு வெள்ளை விளிம்பு கிடைக்கும். மூன்று மடங்குக்குச் சற்றே கூடுதலான பெரிதாக்கம்தான் என்பதால் கிரெய்ன் ஏறத்தாழ மறைந்துவிடும், சாயல்கள் முழுதாக நிற்கும். இதைவிடப் பெரிதாகப் போட்டால் மேசையில் ஐந்தாறு படங்களை அருகருகே வைத்து ஒப்பிட முடியாமல் போகும். சிறிதாகப் போட்டால் மறுபடி கைபேசி அளவுக்கே வந்துவிடும். எக்ஸ்போஷர் விவரங்களைப் பின்புறத்தில் எழுதலாம். ஃபைபர் தாளானால் மென்மையான பென்சிலே போதும், அழுத்தாமல் விளிம்பை ஒட்டி எழுத வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாளில் பென்சில் சரியாகப் பிடிக்காது, ஒரு சிறு துண்டுத் தாளில் எழுதிக் கூடவே உறையில் வைத்துவிடுவது நல்லது.